படகுல யாரு?

வைனோ ஹார்யூவைப் போல வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடிய ஆள் கொலம்பியா ஆற்றின் இந்தக் கரையில் அந்த நாளில் இன்னொருவன் இல்லை. அவனைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஆறு கடலில் சேரும் இந்த ஆஸ்டோரியாவில், பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் சால்மன் மீன் பிடித்துப் பிழைத்த காலம் அது. மீன் டப்பா ஆலையின் தராசுக்காரன் ஒரு பக்கம் இழுப்பான், மீன்வளத் துறைக் காவலன் இன்னொரு பக்கம் இழுப்பான். நடுவில் மாட்டிக்கொண்டவன் உண்மை பேசினால் அடுப்பு எரியாது. வைனோவின் வீட்டில் அடுப்பு நன்றாகவே எரிந்தது.

அவன் மனைவி லெம்பி. அவளுக்கு ஒரே தம்பி, ஒன்னி. அம்மா போனபோது அவன் நடைபழகும் குழந்தை. லெம்பிதான் தூக்கி வளர்த்தாள், கல்யாணம் முடிந்து வந்தபோது பெட்டி படுக்கையோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வைனோ முகம் சுளிக்கவில்லை. பையனைத் தன் படகில் வலை இழுக்க வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்தால் சிரிப்புச் சத்தம் அக்கரை வரை கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை வலை போடக் கூடாது என்பது சட்டம். ஒரு ஞாயிறு காலை, நல்ல மூடுபனி. படகின் அடியில் சால்மன் நிறைந்து கிடக்கிறது. காவலனின் மோட்டார் படகு மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"படகுல யாரு?"

"படுடா," என்றான் வைனோ. ஒன்னி மீன் மேலேயே மல்லாந்து படுத்தான். வைனோ ஒரு கம்பளியை எடுத்து மச்சானையும் மீனையும் சேர்த்து மூடினான்.

"நான்தான் சார், வைனோ. மச்சானுக்கு வயித்துவலி. குடல்ல என்னமோ வெடிச்சிருச்சு போல. டாக்டர்கிட்ட போறோம். வழி விடுங்க சார், புண்ணியமா போகும்."

ஒன்னி கொடுத்த காசுக்கு மேலேயே முனகினான். காவலன் வழி மட்டும் விடவில்லை, ஊதலை ஊதிக்கொண்டு முன்னாலேயே போனான். துறையில் இறங்கி, ஒன்னியின் கக்கத்தில் கை கொடுத்து, டாக்டர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டான். அங்கே கொடுத்த கசப்பு மருந்தை முழு பாட்டிலும் குடித்துவிட்டுத்தான் ஒன்னி வெளியே வர முடிந்தது. கதையைக் கேட்ட லெம்பி முதலில் இரண்டு பேரையும் கிழித்தாள். பிறகு காபியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்து வைத்தாள். வைத்த கையோடு சிரிக்கத் தொடங்கி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் உலகச் சண்டை வந்தது. இரண்டு பேரும் கடற்படையில் சேர்ந்தார்கள். படகுக்காரர்கள் என்று தெரிந்ததும் ஒரே கப்பலில், ஒரே படகில் போட்டார்கள். வைனோ சுக்கான் பிடிப்பவன், ஒன்னி இயந்திரம் பார்ப்பவன். ரயிலடியில் லெம்பி அழவில்லை.

"இவனை நீ கூட்டிட்டுப் போற. நீயே கூட்டிட்டு வரணும்," என்றாள்.

"எங்க போயிரப் போறான்? என் படகுலதான இருக்கான்."

"உன் வாய்ச் சாமர்த்தியம் எல்லாம் எனக்கு வேணாம். அதை அங்க காட்டு. இவனைத் திருப்பிக் கொண்டா."

கப்பலின் பெயர் 'டார்வர்'. படைவீரர்களைச் சுமந்துபோய் எதிரியின் கரையில் இறக்குவது அதன் வேலை. இறக்குவது என்று கப்பல்காரர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். கப்பல் கரைக்கு மைல் கணக்கில் தள்ளியே நின்றுகொள்ளும். மேல்தளத்தில் அடுக்கியிருக்கும் தட்டைப் படகுகளைக் கடலில் இறக்கும். வீரர்கள் கயிற்று வலையைப் பிடித்துத் தொங்கித் தொங்கி அதில் இறங்குவார்கள். கரைவரை போய், மணலில் முட்டி, முன்கதவைத் திறந்து அவர்களைக் குண்டுக்கு நடுவில் விடுவது படகுக்காரன். கப்பலுக்குக் கிடைக்கும் பாராட்டெல்லாம் இந்தப் படகுகள் சம்பாதித்துக் கொடுத்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு படகு கப்பலை நெருங்கினால் காவல் நிற்பவன், "படகுல யாரு?" என்று கூவுவான். சுக்கான் பிடிப்பவன் பதில் கூவ வேண்டும். வெறும் சிப்பாய்கள் என்றால் 'ஹலோ'. அதிகாரி இருந்தால் 'அய் அய்'. பெரிய தளபதி இருந்தால் 'ஃப்ளீட்'. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மேலே எல்லாம் நடக்கும். யார் ஓடி வருவது, ஏணி இறங்குமா, விளக்கு வருமா, காத்துக் கிட என்று விட்டுவிடுவதா, எல்லாம் அதில் அடக்கம்.

சான் டியேகோவில் பயிற்சியின்போது ஒரு சாயங்காலம் கப்பலின் குப்பையைக் கொட்டிவிட்டு வைனோவும் ஒன்னியும் காலித் தகரங்களோடு திரும்பி வந்தார்கள். மேலிருந்து கேள்வி வந்தது. வைனோவுக்கு நாக்கு அரித்தது.

"ஃப்ளீட்," என்று கூவினான்.

மேலே தடதடவென்று ஓட்டம். விசில் ஊதினார்கள். சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். கேப்டன் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு, கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். ஏணியில் ஏறி வந்தது குப்பைத் தகரம். கீழே ஒன்னி இயந்திர மூடியின் மேல் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வைனோவைப் பிடித்துக் கப்பல் சிறையில் போட்டார்கள். ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு. வெளியே விட்டபோது படகுகளுக்கெல்லாம் மேஸ்திரியான க்ராட்ஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்னை மாதிரி ஓட்டுறவன் கிடைக்க மாட்டான், அதனால விடுறேன். இனிமே அந்தக் கேள்விக்கு உன் வாயில பொய் வந்துச்சு, சுக்கானைக் கனவுலகூடத் தொட முடியாது. உன் மச்சான் வேற படகுக்குப் போவான். எவனாவது குடிகாரப்பய படகுக்கு. புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்துதான் போயிற்று. வைனோ அந்த ஒரு விஷயத்தில் மட்டும் திருந்தினான். சமையல்காரனிடம் பொய், சீட்டாட்டத்தில் பொய், லெம்பிக்கு எழுதுவதில் பாதி பொய். அந்தக் கேள்விக்கு மட்டும் சத்தியம் செய்தது போல உண்மை. மச்சான் தன் படகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

பிறகு தீவு தீவாகப் போனார்கள். இறங்கும் நாள் விடியலில் வீரர்களுக்கு மாட்டிறைச்சியும் முட்டையும் வயிறு முட்டக் கொடுப்பது டார்வரின் பெருமை. பாதிப்பேர் படகிலேயே அதை வாந்தி எடுத்தார்கள். மீதிப்பேர் நிறைந்த வயிற்றில் குண்டு வாங்கி, வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்தால் எப்படி அறுப்பது என்ற கப்பல் டாக்டரின் வசவோடு ஆபரேஷன் மேசைக்கு வந்தார்கள். போகும்போது ஏற்றிய ஆட்களையே வரும்போது படுக்கவைத்துக் கொண்டுவருவது, கழுவுவது, மறுபடி ஏற்றுவது. ஒன்னி சிரிப்பதைக் குறைத்துக்கொண்டான். ஆனாலும் ஒவ்வொரு கரையிலிருந்தும் படகு பின்வாங்கியதும், "மச்சான், இன்னைக்கும் டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டோம்," என்பான்.

ஒகினாவாத் தீவில் ஒரு பிற்பகல். குண்டுப்பெட்டிகளைக் கரையில் இறக்கிவிட்டுப் படகைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது. ஒரு துண்டு ஒன்னியின் வயிற்றில் புகுந்தது. கரையில் குழிக்குள் உட்கார்ந்திருந்த மருத்துவச் சிப்பாய் இறுக்கக் கட்டிவிட்டான்.

"உள்ளுக்குள்ள ரத்தம் ஓடுது. இங்க என்னால ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் கப்பலுக்குக் கொண்டுபோய் மேசையில போடுங்க. பிழைச்சுக்குவான்."

பிழைத்துக்கொள்வான் என்று அவன் சொன்னதை வைனோ காதால் கேட்டான். படகை விரட்டினான். டார்வர் நின்ற இடத்துக்கு வந்தால் அங்கே தண்ணீர்தான் இருந்தது. எதிரி விமானம் வருகிறது என்று அலாரம் அடித்ததும் கப்பல் தன் படகுகளை அப்படியே விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போயிருந்தது. அதுவும் வழக்கம்தான். கப்பல் விலை அதிகம், படகு விலை குறைவு, படகுக்காரனுக்கு விலையே இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மீதிக் கப்பல்கள் தங்களை மறைத்துக்கொள்ளப் புகை கிளப்பிவிட்டு அதற்குள் நின்றன. வைனோ முதலில் தட்டுப்பட்ட கப்பலின் பக்கம் போனான். படகின் முன்பக்கத்தில் கயிறு பிடிக்கும் டிலேனி திரும்பி, "ஆபீசர் இருக்கார்னு சொல்லுப்பா. இல்லேன்னா எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க," என்றான்.

"மாட்டினா சுக்கான் போயிரும்டா. இவனை வேற படகுக்கு மாத்திருவாங்க. அடிபட்டவன் இருக்கான்னு சொன்னா போதும்."

மேலிருந்து குரல் வந்தது. "படகுல யாரு?"

"ஹலோ," என்றான் வைனோ. "அடிபட்டவன் ஒருத்தன் இருக்கான். வயித்துல."

"எந்தக் கப்பல்?"

"டார்வர்."

"டார்வர் ஆளா? டார்வருக்குப் போ. அலாரத்துல ஏணி இறக்கக் கூடாது."

"டார்வர் இல்லையே, போயிருச்சே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தள்ளிப் போ."

இரண்டாவது கப்பலில், தங்கள் ஆட்களுக்கே இடமில்லை, அலாரம் முடிந்ததும் வா என்றார்கள். மூன்றாவதில் 'ஹலோ' என்ற குரல் கேட்டதும் துப்பாக்கியைத் திருப்பினார்கள். வெடிமருந்து கட்டிய எதிரிப் படகுகள் வருவதாகப் பேச்சு இருந்ததால் அவர்களுக்கும் பயம். வைனோ கெஞ்சினான். மனைவியின் தம்பி என்றான். வளர்த்த பிள்ளை என்றான். அத்தனையும் உண்மை. அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அத்தனை உண்மையைப் பேசியதில்லை. ஒருத்தனும் நம்பவில்லை, நம்பியவனும் அசையவில்லை.

படகைத் திருப்பியபோது ஒன்னி கண்ணைத் திறந்தான். டிலேனி அவன்மேல் ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தான்.

"மச்சான்."

"பேசாதடா. இதோ வந்தாச்சு."

"வயித்துவலின்னு சொல்லு மச்சான்," என்றான் ஒன்னி. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

நான்காவது கப்பல் புகைக்குள் தெரிந்தது. கேள்வி வந்தது. வைனோ நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "அய் அய்," என்று கூவினான்.

மூச்சு விடும் நேரம்தான். ஏணி இறங்கியது. கறுப்புத் துணி சுற்றிய விளக்கு இறங்கியது. இரும்புக் கம்பியில் தொட்டில் போல ஒரு படுக்கை இறங்கியது. இளம் அதிகாரி ஒருவர் பாதி ஏணி இறங்கி வந்தார்.

"ஆபீசர் எங்க?"

வைனோ ஒன்னியைக் காட்டினான்.

"சட்டையில பதவி அடையாளம் ஒண்ணுமே காணோமே."

"சட்டை கிழிஞ்சிருச்சு சார். அதோட போச்சு."

அதிகாரி ஒன்னியின் முகத்தைப் பார்த்தார், வைனோவின் முகத்தைப் பார்த்தார், தூக்கச் சொன்னார். மேலே போனதும் பெயர் பொறித்த கழுத்துத் தகட்டைப் பார்த்து எல்லாம் தெரிந்துபோனது. கத்தினார்கள், பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஒன்னி மேசைக்குப் போய்விட்டான். வைனோவுக்கு அதுதான் வேண்டும். கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். யாரோ கொடுத்த காபி கையில் ஆறிப்போனது.

டாக்டர் வெளியே வந்தபோது முழங்கைவரை சிவப்பாக இருந்தார். பார்த்ததும் வைனோ எழுந்துவிட்டான்.

"போயிட்டான்பா," என்றார். "ரொம்ப நேரம் உள்ளயே கசிஞ்சிருக்கு. எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"பக்கத்துலதான் சார் இருந்தோம்."

டார்வர் திரும்பி வந்ததும் கேப்டன் முன்னால் நிறுத்தினார்கள். சோப்பு நுரையோடு சல்யூட் வைத்த அதே கேப்டன்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"அதுக்கு முன்னாடி மூணு கப்பல்ல உண்மை சொன்னேன் சார்."

"அதான் முறை," என்றார் கேப்டன். பதவியைக் குறைத்து, சுக்கானைப் பிடுங்கி, கையில் வண்ணத் தூரிகையைக் கொடுத்தார்கள். ஒகினாவாவில் போரிட்டதற்கு விருதாக டார்வருக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதை மேல்தளச் சுவரில் தீட்டும் வேலை யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வண்ணம், ஐந்து முனை, தொங்கு பலகையில் உட்கார்ந்து வைனோதான் தீட்டினான். அழகாகவே தீட்டினான் என்றார்கள்.

சண்டை முடிந்து தனியாக வந்து இறங்கினான். லெம்பி காபி ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். காயத்தால் இறந்தான் என்று தந்தி வந்திருந்தது. எப்படி என்று அதில் இல்லை. வைனோ ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று கப்பல், நான்காவது கப்பல், எந்த வார்த்தை சொன்னால் என்ன நடக்கும், எல்லாம் சொன்னான்.

முடித்ததும் கேட்டாள். "தராசுக்காரன்கிட்ட தினம் பொய் சொல்ற வாய்தான இது?"

வைனோ காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"மீனைக் காப்பாத்த ஒன்னிக்கு வயித்துவலின்னு சொன்ன. வழி விட்டாங்க. அவன் வயிறு நிஜமாவே கிழிஞ்சு கிடக்கான், அப்ப பாத்து யோக்கியனாயிட்டியா?"

"அவனை வேற படகுக்கு மாத்திருவாங்கன்னு..."

"மாத்தட்டுமே. வேற படகுல உயிரோட இருந்திருப்பான்ல?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வைனோ எங்கள் ஆட்களிடம் ஒருமுறை சொன்னான். சோறு போட்டாள், துணி துவைத்தாள், சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினாள். வலை இழுக்க வேறு ஆள் வைக்க வேண்டாம் என்று சொல்லி ஒன்னியின் ரப்பர் பூட்ஸில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு அவளே படகில் ஏறினாள். வைனோவுக்குப் பொய் சொல்லும் வாய் ஓய்ந்துவிட்டது. தராசுக்காரன் சொன்ன எடைக்குத் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை வலையை எடுப்பதே இல்லை. ஆள் திருந்திவிட்டான் என்று பாதிரியார்கூடப் பாராட்டினார். என்ன தெரியும் அவருக்கு.

போதாக்குறைக்கு டார்வர் வந்து சேர்ந்தது. வேலையில்லாத கப்பல்களையெல்லாம் கடற்படை எங்கள் ஆற்றில், டங் பாயின்ட் முனைக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாகக் கட்டிப்போட்டது. உலகத்தில் எத்தனையோ துறைமுகம் இருக்க, அதுவும் இங்கேதான் வர வேண்டுமா. ஒரு வரிசையின் கடைசியில், மீன் வரும் நீரோட்டத்தை ஒட்டி நின்றது டார்வர். அதைத் தாண்டாமல் வலை விட முடியாது. தாண்டும்போதெல்லாம் அந்த வெள்ளை நட்சத்திரம் தெரியும். வைனோ தலையைக் குனிந்துகொள்வான். லெம்பி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போவாள்.

ஒரு செப்டம்பர் காலை, கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. வலை நீரோட்டத்தோடு இழுத்துக்கொண்டுபோய்ப் படகை டார்வரின் அடியிலேயே சேர்த்துவிட்டது. துருப்பிடித்த இரும்புச் சுவர் தலைக்கு மேல் எழும்பி நின்றது. வைனோ துடுப்பால் அதைத் தள்ளி விலகப் பார்த்தான். மேலே காவலுக்கு வைத்திருந்த ஆளுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. பழைய கடற்படைக்காரனாக இருக்க வேண்டும், பழக்கம் விடவில்லை.

"படகுல யாரு?" என்று கூவினான்.

வைனோவின் கையில் துடுப்பு நின்றுபோனது.

படகின் முன்னால் நின்ற லெம்பி வலையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வாயருகில் குவித்து, குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, "அய் அய்," என்று கூவினாள்.

மேலே பூட்ஸ் சத்தம் ஓடியது. எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"மன்னிக்கணும் சார், தெரியல சார். ஏணி இறக்கட்டுமா சார்?"

லெம்பி புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"ஏணி இறக்கட்டுமான்னு கேக்குறான்," என்றாள். "என்ன சொல்ல?"